கோலி சோடா, டபரா, மண்பானை

தை மாதம் மூன்றாம் நாள். மதுரைக்கு வடமேற்கே உள்ள அலங்காநல்லூரில் வாடிவாசலைச் சுற்றி மனிதத் தலைகளாகத் தெரிகின்றன. மார்கழிப் பனி முழுதாக விலகியிராத காலந்தான். ஆனாலும் விடியற்காலையில் வந்து இடம் பிடித்தவர்கள், பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் நின்று வியர்த்து வழிகிறார்கள். எங்கோ 'டப்' என்று ஓர் ஓசை. கோலி சோடா உடைக்கிறார்கள். இன்னொரு பக்கம் கரும்புச்சாறு. தேநீர்க் கடையில் ஆற்றி ஆற்றிக் கொடுக்கும் சூடான தேநீர். வீட்டுத் திண்ணை ஒன்றில், வருவோர் போவோருக்கென்று மூடி வைத்த மண்பானைத் தண்ணீர்.

வாசகர்களே, இவற்றில் உடலை உண்மையிலேயே குளிர்விப்பது எது? இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "மிகவும் சில்லென்று இருப்பது எதுவோ, அதுதான்" என்று மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். இயற்பியல் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்குமுன், நம் ஊர்ப் பானங்களையும் அவற்றை வைத்திருக்கும் பாத்திரங்களையும் சற்றுக் கவனிப்போம். பாத்திரம் என்பது பானத்தைத் தாங்கி நிற்கும் வெறும் சுவர் அன்று. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வேலை செய்கிறது.

கோலியை அழுத்திப் பிடிப்பது யார்?

முதலில் கோலி சோடா. சோடா என்பது கரியமில வாயு கரைந்த நீர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மதுவடிசாலைக்கு அருகே குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767ஆம் ஆண்டில் அங்கு நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிய வாயுவை நீரில் கரைத்து, அந்த நீரின் சுறுசுறுப்பான சுவையைக் கண்டறிந்தார். 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் இதனைத் தொழிலாகவே தொடங்கினார். வாயு நீரில் எவ்வளவு கரையும் என்பதற்கான விதியை 1803இல் வகுத்தவர் வில்லியம் ஹென்றி. வெப்பநிலை மாறாதபோது, கரையும் வாயுவின் அளவு அதன் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் இரண்டு மடங்கு வாயு கரையும். அழுத்தத்தை எடுத்துவிட்டால், கரைந்த வாயு குமிழிகளாக வெளியேறும்.

எனவே சோடாவைப் பாதுகாப்பது என்றால் அழுத்தத்தைப் பாதுகாப்பது என்றே பொருள். பழைய காலத்துத் தக்கைகள் காய்ந்து சுருங்கி வாயுவைக் கசியவிட்டன. இதற்கு 1870களின் தொடக்கத்தில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு வழி கண்டார். புட்டியின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி; வாயினுள்ளே ஒரு ரப்பர் வளையம். புட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை நிரப்புவார்கள். கோலி தன் எடையால் வாய்ப்பக்கம் வந்து நிற்கும். பிறகு நிமிர்த்தினாலும் அது கீழே விழாது. உள்ளிருக்கும் வாயு அதனை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும்.

எவ்வளவு விசையுடன் அழுத்தும்? ஒரு சிறு கணக்கு. உட்புற அழுத்தம் வெளிக்காற்றைவிட 3 வளிமண்டல அளவு கூடுதல் என்றும், வளையத்தின் துளை விட்டம் 1.2 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். துளையின் பரப்பு ஏறக்குறைய 1.13 சதுர சென்டிமீட்டர். ஆகவே கோலியின்மீது மேல்நோக்கிச் செயற்படும் விசை சுமார் மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம்! கட்டை விரலால் ஓங்கி அழுத்தினால்தான் கோலி அசைகிறது என்பதன் காரணம் இதுவே. அசைந்தவுடன் வாயு பீறிட்டு அழுத்த வேறுபாடு மறைகிறது. பிடித்திருந்த கை விட்டதுபோல் கோலி கீழே விழுகிறது. கழுத்தில் உள்ள இரண்டு குழிவுகள், குடிக்கச் சாய்க்கும்போது கோலி மீண்டும் வாயை அடைக்காதபடி அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. அடைத்து வைக்கும் பொருளே தன் மூடியையும் இறுக்கிக்கொள்கிறது என்பதுதான் இந்தப் புட்டியின் அழகு.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெப்பம் ஏறினால் வாயு கரையும் திறன் குறையும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 20 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் நீரில் ஏறக்குறைய 0.87 லிட்டர் கரியமில வாயு கரையும். 40 டிகிரியில் 0.53 லிட்டர்தான். நிழலில் இருந்த சோடாப் புட்டியை வெயிலில் வைத்து 40 டிகிரிக்குச் சூடேற்றினால், உள்ளழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடும். கீறல் விழுந்த பழைய கண்ணாடி அதனைத் தாங்காமல் வெடிக்கலாம். சோடாப் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது, புட்டியைக் குலுக்கி விளையாடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் மிரட்டல் அன்று.

மேல்நாட்டில் இந்தப் புட்டி வழக்கொழிந்து போயிற்று. ஜப்பானில் 'ரமுனே' என்ற பெயரிலும் நம் நாட்டிலும் அது பிழைத்திருக்கிறது. 2025இல் இந்தியக் கோலி சோடா வளைகுடா நாட்டுக் கடைகளுக்கு ஏற்றுமதியானது என்பது மகிழ்ச்சியான செய்தி.

ஆற்றுவதில் உள்ள அறிவியல்

அடுத்து டபரா செட். கொதிக்கும் காபியை டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். 'ஆற்றுதல்' என்ற சொல்லே நம்மிடம் இதற்காக இருக்கிறது. இங்கே மூன்று செயல்கள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன.

முதலாவது, குளிர்ந்த டபரா காபியின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. 100 கிராம் எடையுள்ள எஃகு டபரா 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக வேண்டுமானால் சுமார் 480 கலோரி வெப்பம் தேவை. அது 150 மில்லி லிட்டர் காபியின் வெப்பநிலையை 3 டிகிரி அளவுக்குக் குறைக்கும். இரண்டாவது, உயரத்திலிருந்து ஊற்றும்போது காபி மெல்லிய தாரையாக நீண்டு, அதன் மேற்பரப்பு பெருகுகிறது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அந்த மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும், எஞ்சிய காபியிலிருந்து ஏறக்குறைய 560 கலோரி வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. காபி 80 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு இறங்க 3,000 கலோரி இழக்க வேண்டும். ஐந்தரைக் கிராம் நீர், அதாவது ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே கூடுதலான நீர் ஆவியானாலே இந்த வேலை முடிந்துவிடும். அகலமான டபராவுக்கும், ஒரு முழ உயரத்துக்கு ஆற்றும் மாஸ்டரின் கைக்கும் மதிப்பு இதனால்தான். கூடவே காற்றும் கலந்து, பாலின் புரதங்கள் அதைச் சிறைப்பிடிக்க, நுரை பொங்குகிறது.

டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சூடான பானம் தொடாத அந்த விளிம்பில்தான் விரல் வைக்கிறோம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவருக்கும் அந்த மடிப்பு தாரையை ஒழுங்காக விழச் செய்கிறது. எஃகு, உலோகங்களுள் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது. பித்தளை அதனைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு விரைவாகக் கடத்தும். பாட்டி காலத்துப் பித்தளை டம்ளர் விரலைச் சுட்டதற்குக் காரணம் தெரிகிறதா?

ஆற்றிக் குடிப்பது நாக்குக்கு மட்டும் நல்லதன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என 2016இல் வகைப்படுத்தியது. குற்றவாளி காபியோ தேநீரோ அன்று, சூடுதான். டபராவுக்கு இப்போது ஒரு மருத்துவச் சான்றும் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் இல்லாத குளிர்பெட்டி

காபியை ஆற்றிய அதே ஆவியாதல்தான் மண்பானையிலும் வேலை செய்கிறது. சுட்ட மண்ணில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. அங்கே ஆவியாகிறது. 30 டிகிரி அளவில் ஒரு கிராம் நீர் ஆவியாக 580 கலோரி தேவை. அதைப் பானையும் உள்ளிருக்கும் நீரும் கொடுக்கின்றன.

10 லிட்டர் பானையில் 100 கிராம் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். எடுக்கப்படும் வெப்பம் 58,000 கலோரி. வெளியிலிருந்து வெப்பம் உட்புகாவிட்டால், 10 லிட்டர் நீரும் 5.8 டிகிரி குளிர்ந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு நீரைச் செலவிட்டு மற்றப் பங்குகளைக் குளிர்விக்கும் சிக்கனம் இது!

ஆனால் பானை எவ்வளவு தூரம் குளிரும் என்பதைக் காற்றின் ஈரப்பதமே முடிவு செய்கிறது. மதுரைச் சமவெளியில் சித்திரை மாத நண்பகலில் 40 டிகிரி வெப்பமும் 30 சதவிகித ஈரப்பதமும் இருந்தால், ஆவியாதலால் எட்டக்கூடிய எல்லை சுமார் 26 டிகிரி. கடற்கரை ஊரில் 36 டிகிரி வெப்பமும் 65 சதவிகித ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை சுமார் 30 டிகிரி. இதற்கு 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்று பெயர். கடலோர ஊரைவிடச் சூடான மதுரையில் பானைத் தண்ணீர் கூடுதலாகக் குளிர்வது விந்தையாக இல்லையா? வறண்ட காற்றுதான் பானையின் நண்பன்.

ஆகவே பானையை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், ஈர மணலின்மேல் வையுங்கள். வெளியே வண்ணம் பூசிய பானையை வாங்காதீர்கள். துளைகள் அடைபட்டால் அது வெறும் குடம். உப்புப் படிந்து பழையதாகிவிட்ட பானை சரிவரக் குளிர்விக்காததற்கும் இதுவே காரணம்.

ஜிகர்தண்டாவின் கணக்கு

இனி நம் கேள்விக்கு வருவோம். மதுரை என்றதும் நினைவுக்கு வரும் குளிர்பானம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிச் சர்பத், ஊறிய பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் போய் அதனைக் குடிக்காமல் திரும்பும் வெளியூர்க்காரர் குறைவு. பாதாம் பிசின் துண்டு ஒன்றை இரவில் நீரில் போட்டு வைத்தால், காலையில் அது பல மடங்கு பருத்துப் பளிங்குபோல் நிற்கும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. வழவழவென்று தொண்டையில் இறங்குவது பெரும்பாலும் நீர்தான்.

'ஜிகர்தண்டா' என்றால் 'ஈரல் குளிர்ச்சி' என்று பொருள். எவ்வளவு குளிர்ச்சி? 5 டிகிரியில் உள்ள 200 மில்லி லிட்டர் பானம், உடலுக்குள் போய் 37 டிகிரிக்கு உயர வேண்டும். அதற்காக அது எடுக்கும் வெப்பம் 200 x 32 = 6,400 கலோரி. 60 கிலோ எடையுள்ள மனிதரின் உடல் 1 டிகிரி குளிர, ஏறக்குறைய 50,000 கலோரி வெளியேற வேண்டும். வகுத்துப் பாருங்கள். கிடைப்பது 0.13 டிகிரி! மருத்துவரின் வெப்பமானியில் ஒரு சிறு கோட்டளவுதான்.

அதே நேரத்தில், அந்தப் பானத்தில் கலந்த சர்க்கரை 20 கிராம் என்றால், அது உடலில் எரிந்து தரும் ஆற்றல் 80,000 கலோரி. உணவு நூல்களில் இதனையே 80 கிலோ கலோரி என்பார்கள். எடுத்துக்கொண்டு போனதைப்போலப் பன்னிரண்டு மடங்கைக் கொடுத்துவிட்டுப் போகிறது குளிர்பானம்! சுவைக்காகக் குடியுங்கள், குற்றமில்லை. வெயிலுக்கு அதுவே மருந்து என்று மட்டும் எண்ணாதீர்கள்.

இப்போது கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். அதே 200 கிராம் நீர் வியர்வையாகித் தோலின்மேல் முழுதும் ஆவியானால், உடலிலிருந்து எடுக்கும் வெப்பம் 200 x 580 = 1,16,000 கலோரி. முன்னதைப்போலப் பதினெட்டு மடங்கு! ஐஸ் போட்ட நீரானாலும் பானைத் தண்ணீரானாலும் இந்த இரண்டாவது கணக்கு மாறுவதில்லை. பானம் உடலைக் குளிர்விப்பது பெரும்பாலும் தன் குளிரால் அன்று; வியர்வையாகி ஆவியாவதால்தான்.

நம் உடலும் ஒரு மண்பானைதான். தோலில் உள்ள துளைகள் கசிகின்றன, காற்று வந்து உலர்த்துகிறது, உள்ளே குளிர்கிறது. ஒரே ஒரு வேறுபாடு. மண்பானையில் நீர் வற்றினால் மீண்டும் நிரப்பலாம். உடலில் வற்றினால் உயிருக்கே ஆபத்து.

வெயிலில் சூடான தேநீர் குடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சூடான நீர் குடித்தவர்களுக்கு வியர்வை அதிகமாகச் சுரந்து, அவர்கள் உடலில் தங்கிய வெப்பம் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த வியர்வை முழுதும் ஆவியாக வேண்டும். காற்று வறண்டிருக்க வேண்டும். புழுக்கத்தில் வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை, நீர்தான் நட்டம்.

இரண்டு சோடாவும் ஒரு மயக்கமும்

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டச் செல்லும் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஒரு வெட்டுப் பருவத்தில் வயலிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ரெண்டு சோடா குடிச்சேனே தம்பி, நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு" என்றார். இரண்டு புட்டியும் சேர்ந்து அரை லிட்டர்கூட இராது. வெயிலில் கடினமாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை வெளியேறக்கூடும். நாக்கு குளிர்ந்தது, தாகம் அடங்கியதுபோல் தோன்றியது, பானை வற்றிக்கொண்டே போயிற்று. நல்ல வேளையாக அவர் தேறிவிட்டார். இப்படி நாள்தோறும் நீர் வற்றி உழைப்பதே, மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளர் பலரின் சிறுநீரகங்கள் கெட்டுப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை கால் லிட்டர் அளவுக்கு நீர் அருந்துவது நல்லது. ஒரே மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். வியர்வையோடு உப்பும் போவதால் நீர்மோர் மிகச் சிறந்தது. உப்பும் சிறிதளவு இனிப்பும் சேர்ந்தால் குடல் நீரை விரைவாக உறிஞ்சும். இந்த உண்மையை வைத்துத்தான், 1971இல் வங்காளதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்துக் காலராவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோர் வைக்கும் பாத்திரத்திலும் கவனம் தேவை. மோரின் புளிப்பு அமிலம், ஈயம் பூசாத பித்தளையையும் செம்பையும் அரித்துத் தாமிர உப்புகளை உண்டாக்கும். குமட்டலும் வயிற்று வலியும் வரும். முன்னோர் தெருவுக்குத் தெரு பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டது அழகுக்காக அன்று. மண்கலயமோ எஃகோ மோருக்கு ஏற்றது.

வெயிலில் நின்றவர் பிதற்றினாலோ நினைவிழந்தாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்பத் தாக்கு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108 எண்ணுக்கு அழையுங்கள். நனைத்து விசிறுவதும் மண்பானையின் தத்துவந்தான் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு மண்கலயம், அதே அளவுள்ள ஓர் எஃகுச் செம்பு, ஒரு வெப்பமானி. இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி நிழலில் அருகருகே வையுங்கள். மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். மறுநாள் எஃகுச் செம்பின்மேல் ஈரத்துணி சுற்றிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மழைநாளில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை செய்தால், ஈரப்பதத்தின் பங்கு கண்ணெதிரே தெரியும்.

சித்திரையில் கள்ளழகர் வைகைக்கு எழுந்தருளும்போது, வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களும் நீர்மோர்ப் பந்தல்களும் எழும். பக்தர்கள் தோற்பையிலிருந்து நீரைப் பீய்ச்சிக் கூட்டத்தையே நனைப்பார்கள். உள்ளே குடிக்க நீர், வெளியே ஆவியாக நீர். பந்தல் வைத்தவர்கள் கலோரிக் கணக்குப் போட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் பானையில் மொண்டு கொடுக்கும் ஒரு குவளை நீரின் மதிப்பு 1,16,000 கலோரி என்பதை இனி நாம் அறிவோம். அடுத்த கோடையில் உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பானை வையுங்களேன்.